காபூலால் அசைக்க முடியாத ஆளுநர்

ஆப்கானிஸ்தானின் 2004ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் மாகாண ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதிபர் நியமிப்பார், அதிபரே நீக்குவார். ஆனால் 2017 டிசம்பரில், வடக்கே உள்ள பால்க் மாகாண ஆளுநர் அத்தா முகமது நூரின் பதவி விலகலை ஏற்றுவிட்டதாக அதிபர் அஷ்ரப் கனி அறிவித்தபோது, நூர் நகர மறுத்தார். மூன்று மாதம் பேரம் நடந்தது. இதை ஒரு மனிதரின் திமிர் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கென்னவோ, அந்தத் திமிரின் பின்னிருந்த பலத்துக்காகத்தான் காபூல் அவருக்குப் பதவியே கொடுத்தது என்று தோன்றுகிறது.

நூர் 1964இல் பால்க்கின் தலைநகர் மசார்-இ-ஷரீஃபில் பிறந்த தாஜிக். ஆசிரியராக இருந்து, சோவியத் படையை எதிர்க்க ஜமியத்-இ-இஸ்லாமி அணியில் தளபதியானவர். 2001இல் அமெரிக்க உதவியோடு தாலிபானிடமிருந்து மசாரை மீட்டதில் அவருக்கும் உஸ்பெக் தளபதி தோஸ்தமுக்கும் பங்குண்டு. மீட்ட கையோடு இருவரும் ஒருவரோடொருவர் மோதினார்கள். அதில் மேலோங்கிய நூரை 2004இல் அதிபர் கர்சாய் ஆளுநராக்கினார். வடக்கில் கர்சாய்க்குச் சொந்தப் படை இல்லை, நூருக்கு இருந்தது. நூரிடம் சட்ட அங்கீகாரம் இல்லை, கர்சாயால் அதைத் தர முடிந்தது. இந்த ஏற்பாடு பலன் தந்தது: பால்க்கில் அபினுக்கான கசகசாப் பயிர் 2007இல் அறவே ஒழிந்ததாக ஐ.நா. கணக்கெடுப்பு சொன்னது. உஸ்பெக் எல்லையிலுள்ள ஹைரத்தானிலிருந்து மசாருக்கு ரயில் பாதை வந்தது, நகரத்தில் வியாபாரம் செழித்தது. 2009 தேர்தலில் கர்சாய்க்கு எதிராக அப்துல்லா அப்துல்லாவை வெளிப்படையாக ஆதரித்த பிறகும் நூரின் பதவி போகவில்லை.

அந்தப் பலனுக்கு என்ன விலை என்று கேட்பவர்கள் உண்டு, கேட்க வேண்டியதுதான். அவரை ஒட்டிய ஆயுதக் குழுக்களின் அத்துமீறல்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2015இல் பதிவு செய்தது. சுங்க வருவாய் பற்றிய குற்றச்சாட்டுகளும் ஓயவில்லை. இவை என் வாதத்தை முறிக்கவில்லை, அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகின்றன. கசகசாவை ஒழித்தது மாவட்ட அலுவலகமோ நீதிமன்றமோ அல்ல, ஒரு மனிதரின் சொல். அதனால்தான் அது நிலைக்கவில்லை: 2017இல் பால்க்கில் மறுபடி 12,000 ஹெக்டேருக்கு மேல் கசகசா விளைந்தது.

அவ்வளவு பலசாலி என்றால் 2021 ஆகஸ்ட் 14 அன்று மசார் ஏன் தாலிபானிடம் சரிந்தது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. நூரும் தோஸ்தமும் எல்லை தாண்டி உஸ்பெகிஸ்தான் போனார்கள். இது திட்டமிட்ட சதி என்றார் நூர். அரசுப் படைகள் ஆயுதங்களை ஒப்படைத்தது உண்மை. அவர் 2018 மார்ச்சிலேயே பதவியை விட்டிருந்தார் என்பதும் உண்மை. ஆனாலும் சதி என்ற விளக்கம் எனக்குப் போதவில்லை. ஆளுநராக இருந்த பதினான்கு ஆண்டுகளில் நூர் பெரும் செல்வந்தரானார். பழைய தளபதிகள் பலர் பதவியும் தொழிலும் தேடிக்கொண்டார்கள். காபூலின் கணக்கும் அதுதானே: போராளிகளை அரசோடு கட்டிப்போட வேண்டும். கணக்கு பலித்தது. அரசு விழுந்த வாரத்தில் தனியாக நின்று போராட, 2001இல் இருந்த அந்தப் படை வடக்கில் இல்லை.