சீசரின் முகமும் சங்கும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய தலைமுறைக்கு வெள்ளிக்காசு என்றால் சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சிறியது என்பதால், குழி வெட்டிய மரப்பலகையில் கொட்டிக் குலுக்கித்தான் எண்ணுவார்கள். பிற்காலத்தில் வந்த வெள்ளிப் பணத்திலும் அரை ரூபாயிலும் வலம்புரிச் சங்கு இருக்கும். 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்த பிறகு, அரசர் தன்னைப் ‘பத்மநாப தாசன்’ என்றே சொல்லிக்கொண்டார். கடவுள்தான் உடைமைக்காரர் என்பதைச் சங்கு சொன்னது.

இதே கடற்கரை 2,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வெள்ளியை அறிந்திருந்தது. பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கும் நெல்கிண்டாவுக்கும் காசு பெருமளவில் வந்து இறங்கியதைச் சொல்லிவிட்டு, தெற்கே குமரிக்குப் போகும் வழியில் ‘பலிதா’ என்ற நல்ல துறையைக் குறிக்கிறது. அது விழிஞமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. வர்க்கலை என்பாரும் உண்டு. மிளகுக்கு விலையாக வந்த அந்த வெள்ளிக்காசின் பெயர் தெனாரியஸ்.

பெரிய புதையல்கள் பலவும் கிடைத்தது வடக்கே, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய வழியில். திருச்சூர் மாவட்டம் ஈயாலில் 71 ரோமானிய வெள்ளிக்காசுகளோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் ஒன்றாகக் கிடைத்தன. உடுமலை அருகே பூதிநத்தத்தில் கிடைத்தவை 1,400-க்குப் பக்கம். இவற்றையும் கரூர், வெள்ளலூர்ப் புதையல்களையும் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். ரோமில் எத்தனையோ வகைத் தெனாரியஸ்கள் அச்சாகியும், இங்கே குவிந்தவை பெரும்பாலும் இரண்டே வகை.

ஒன்று ரோமானியப் பேரரசர் அகஸ்டஸுடையது. ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் இரண்டு இளைஞர்கள் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். மேலே பூசாரிகள் கையாளும் அகப்பையும் வளைகோலும். இளைஞர்கள் கையுஸ், லூசியுஸ்: அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவர் சுவீகாரம் எடுத்த வாரிசுகள். ‘எனக்குப் பின் இவர்கள்’ என்று பேரரசு முழுவதற்கும் விடுத்த அறிவிப்பு இந்தக் காசு. லூசியுஸ் பொ.ஆ. 2-இலும் கையுஸ் 4-இலும் இறந்துபோனார்கள். ஆள் போனபின்னும் அறிவிப்பு மட்டும் கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

அரியணை ஏறியவர் திபேரியுஸ். இரண்டாம் வகை அவருடையது. முகத்தைச் சுற்றி ‘தெய்வமான அகஸ்டஸின் மகன்’ என்ற வாசகம். மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ‘தலைமைப் பூசாரி’ என்ற பட்டம். அந்தப் பெண் அமைதித் தேவதை. அவள் உருவில் இருப்பது அவருடைய தாய் லிவியாதான் என்போரும் உண்டு. இப்பகுதித் தேவாலயங்களில், வரிக்காசைக் காட்டச் சொல்லி ‘இது யாருடைய உருவம்’ என்று இயேசு கேட்கும் பகுதியைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர். அந்தக் காசு இந்த வகைதான் என்பது நெடுநாளைய வழக்கு. ரோமானியர் தெய்வத்தின் மகனானார். திருவிதாங்கூரார் தெய்வத்தின் அடிமையானார். இரண்டும் ஆட்சிக்கு உரிமை கோரும் வழிதான். இரண்டாவது கூடுதல் சாமர்த்தியம் என்று எனக்குத் தோன்றும்.

நம் வணிகருக்கு இந்தக் குடும்பக் கதை எதற்கு? அவர்கள் பார்த்தது மாற்று. இந்த இரு வகையும் ஏறத்தாழக் கலப்பில்லாத வெள்ளி. ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு, ஒன்று 3.9 கிராம் அளவு. பொ.ஆ. 64-இல் பேரரசர் நீரோ அதை 96 காசாக்கி எடையைக் குறைத்தார். கூடவே செம்பையும் கலந்தார். அதன்பின் இரு இளைஞர்களும் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் நல்ல வெள்ளியின் அடையாளமாயினர். படம் பிரசாரமாகப் புறப்பட்டது. இங்கே தர முத்திரையாக வேலை செய்தது.

அந்தக் கலப்படத்தின் அளவைக் கண்டுபிடிக்க இன்றைய ஆய்வுக்கூடமே திணறியிருக்கிறது. கலப்பு வெள்ளியை அச்சடிக்கும் முன் அமிலத்தில் இட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பு கரைந்து, தோல் மட்டும் சுத்த வெள்ளியாகிவிடும். நம் தட்டார்கள் புளிநீரில் போட்டு வெள்ளி நகையை வெளுப்பதும் இதே வித்தை. மேற்பரப்பில் மட்டும் எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளந்தவர்கள் அதனால் ஏமாந்தார்கள். கெவின் புட்சர், மேத்யூ பான்டிங் என்ற இரு ஆய்வாளர்கள் காசின் விளிம்பில் நுண்துளையிட்டு, உள்ளிருந்து எடுத்த துகளைச் சோதித்தார்கள். நீரோவின் கலப்படம் முன்பு நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்தது.

உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு ரோமிலேயே உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பழைய வழி, உளியால் ஒரு வெட்டு. தென்னிந்தியாவில் கிடைத்த காசுகள் பலவற்றில் வெட்டு சீசரின் முகத்திலேயே விழுந்திருக்கிறது. 1898-இல் கிடைத்த 501 புதுக்கோட்டைத் தங்கக்காசுகளிலும் பெரும்பாலானவை அப்படியே. அந்த இரு தெனாரியஸ் வகைகளுக்கு இந்தியாவில் போலிகளும் தயாராயின. அச்சு வெட்டியவருக்கு லத்தீன் எழுத்து தெரியாது. வாசகம் வெறும் கோடும் வளையமுமாகிவிட்டது. ஈட்டி, கேடயம், நாற்காலி மூன்றையும் மட்டும் அவர் விடவில்லை. வாங்குபவர் பார்த்தது அதைத்தானே.