நம்பிக்கையும் சங்கிலியும்

துன்பம் வந்த வேளையில் மனிதன் இறைவனை நாடுகிறான், அது இயற்கை. ஆனால் ஆறுதல் தேடிச் சென்ற இடத்திலேயே அச்சமும் அவமானமும் கிடைத்தால் அவன் எங்கே செல்வான்? சமயத்தின் பெயரால் ஏற்பட்ட காயம் எவ்வாறு ஆறும்? நம் தமிழகத்திலேயே நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லாச் சமயத்தாரும் மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். கனவில் உத்தரவு கிடைக்கும்வரை அங்கேயே தங்குவோரும் உண்டு. இந்த நம்பிக்கையையே முதலாக வைத்துத் தனியார் சிலர் சுற்றுப்புறத்தில் காப்பகங்கள் நடத்தினர். நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கீற்றுக் கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. கட்டுண்டவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. அதே மாதத்தில் அக்காப்பகங்கள் மூடப்பட்டன; 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். உச்சநீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

அப்படியாயின் வழிபாடே தீங்கா? அன்று. 2000-ஆம் ஆண்டில் பெங்களூர் தேசிய மனநல நிலையத்து மருத்துவர்கள், வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்தனர். காலையில் சிறு பூசை, செடிகளுக்கு நீர் ஊற்றுதல் போன்ற எளிய வேலைகள், உடனிருக்க ஓர் உறவினர். இவ்வளவே அங்குக் கிடைத்த 'சிகிச்சை'. சராசரி ஆறு வாரங்களில் நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். மருந்து வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அன்புக்கும் ஆற்றல் உண்டு என்பதே பொருள்.

காயம் ஆறும் வழி இதிலிருந்து விளங்குகிறது. முதலாவது, பாதிக்கப்பட்டவரை அச்சத்திலிருந்து விடுவிக்க வேண்டும். இரண்டாவது, 'பாவத்தின் பலன்', 'பேய் பிடித்தவன்' என்று அவர்மேல் சுமத்திய பழியை இறக்க வேண்டும். காலில் கட்டிய சங்கிலியைச் சம்மட்டி உடைத்துவிடும். மனத்தில் கட்டிய இச்சங்கிலி உடையப் பொறுமையாகக் கேட்கும் செவி வேண்டும். மூன்றாவது, அவருடைய நம்பிக்கையை அவரிடமே விட்டுவிட வேண்டும். மீண்டும் கோயிலுக்குச் செல்வதோ, செல்லாதிருப்பதோ அவர் விருப்பம். நேற்று 'நம்பு' என்று அதட்டியதும், இன்று 'நம்பாதே' என்று அதட்டுவதும் ஒன்றே.

மருந்தும் பிரார்த்தனையும் கைகோக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008-இல் 'தவா-துவா' என்னும் திட்டம் தொடங்கியது. தவா என்றால் மருந்து. துவா என்றால் பிரார்த்தனை. தொழ வந்தவரை மருத்துவரிடமும் அனுப்பி வைக்கும் இம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. சங்கிலி கிடந்த ஊரில் இன்று மருத்துவர் அமர்ந்திருக்கிறார்.

மாணவ நண்பர்களே! நம் விடுதியிலும், நம் தெருவிலும் இத்தகைய காயம்பட்டவர் இருக்கக்கூடும். அவரிடம் வாதிட வேண்டா. முதலில் அருகில் அமர்வோம். மருத்துவரிடம் உடன் செல்வோம். இறைவனை நாடுவோரும் நாடாதோரும் ஒருங்கே செய்யத்தக்க தொண்டு இது.