வராத காலால் ஆடச் சொன்ன வாத்தியார்!

கத்தினால் வராத கால்பந்து, சட்டத்தை மாற்றினால் வரும்
விழுப்புரம், திண்டிவனம் மைதானங்களுக்கு ஒரு பழைய பாடம்

விழுப்புரம்:-

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போய் நில்லுங்கள். விழுப்புரமானாலும் சரி, திண்டிவனமானாலும் சரி, ஒரு சத்தம் நிச்சயம் காதில் விழும்.

"டேய், பாஸ் குடுடா! பாஸ் குடு!"

கத்துவது பி.டி. மாஸ்டர். கேட்கத்தான் ஆள் இல்லை!

பந்தை வைத்திருக்கும் பையன் இரண்டு பேரைத் தாண்டுவான். மூன்றாவது ஆளிடம் பறிகொடுப்பான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொள்வார். மறுநாளும் இதே கதைதான்.

இந்தக் கத்தலுக்கு மாற்று மருந்து உண்டு. அதை வெளிநாட்டுக்காரர் யாரும் கொண்டுவந்து தரவில்லை. நம்ம நாட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எத்தனையோ வருடங்களுக்கு முன்பே கையாண்டு, கப்பு கப்பாக ஜெயித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் கத்தவில்லை. ஆட்டத்தின் சட்டத்தை மாற்றினார்!

ஐதராபாத் மாஸ்டர்

அவர் பெயர் சையத் அப்துல் ரகீம். 1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். உடற்பயிற்சிக் கல்வியும் படித்தவர். எல்லோருக்கும் அவர் "ரகீம் சாகிப்".

1943 முதல் ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர். ஊர் கால்பந்து சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். அந்தப் பதவியில் உட்கார்ந்துகொண்டு அவர் நடத்திய போட்டிகளைக் கேட்டால் சிரிப்பு வரும்.

ஒரு போட்டியில் "டிரிபிளிங்" கூடாது. அதாவது, பந்தை உருட்டிக்கொண்டு போய் ஆளைத் தாண்டக் கூடாது. வந்த பந்தை உடனே தள்ளிவிட வேண்டும்.

இன்னொரு போட்டியில் பழகின காலால் உதைக்கவே கூடாது. வலது கால்காரன் இடது காலால்தான் ஆட வேண்டும்!

சின்னப் பையன்களுக்கு உயரக் கணக்கு வைத்து ஒரு போட்டி. இத்தனை உயரத்துக்கு மேல் இருந்தால் இடம் கிடையாது.

"இது என்ன கோணங்கித்தனம்?" என்று கேட்கத் தோன்றும்.

யோசித்துப் பாருங்கள். உருட்ட முடியாதவன் என்ன செய்வான்? பந்து காலுக்கு வருவதற்கு முன்னாலேயே, "யாருக்குத் தள்ளுவது?" என்று தலையை நிமிர்த்திப் பார்ப்பான். அவனுக்குப் பந்து வேண்டும் என்று நினைக்கிற கூட்டாளி, சும்மா நிற்காமல் காலி இடத்துக்கு ஓடுவான். "தலையைத் தூக்கு, இடம் பார்த்து ஓடு" என்று யாரும் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. சட்டமே சொல்லிக் கொடுத்துவிடும்!

பலன் என்ன? 1950 முதல் 1954 வரை, தொடர்ந்து ஐந்து வருடம் ரோவர்ஸ் கோப்பை ஐதராபாத் போலீசுக்கே!

ஜங்ஷன் சொல்லும் பாடம்

இது எப்படி நடக்கிறது? விழுப்புரத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். நம்ம ஜங்ஷனைப் பார்த்தாலே போதும்.

சென்னை, திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாக காட்பாடி. ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. எங்கேயோ ஒரு எக்ஸ்பிரஸ் லேட் என்றால், அதற்கு வழிவிட நம்ம பாசஞ்சரை ஓரங்கட்டி நிறுத்துகிறார்கள். அது லேட். அதை நம்பி புதுச்சேரி வண்டிக்குக் காத்திருப்பவர் லேட். திண்டிவனத்தில் இறங்கி பஸ் பிடிக்கிற கிளார்க்கு ஆபீசுக்கு லேட்.

அந்த கிளார்க்கின் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. பாசஞ்சர் டிரைவரின் மேல்? அவர் மேலும் இல்லை. தப்பு ஒரு ஆளிடம் இல்லை. ஒன்றோடு ஒன்று கோத்துக் கிடக்கும் அமைப்பில் இருக்கிறது.

கால்பந்தும் இப்படித்தான். 11 பேர் தனித்தனியே நல்ல ஆட்டக்காரர்களாக இருந்துவிட்டால் அது அணி ஆகிவிடாது. "ரைட் பேக்" கோட்டை விட்டான் என்று அவனைத் திட்டுகிறோம். ஆனால் அவனுக்கு முன்னால் நிற்க வேண்டிய "ஹாப்" எங்கே போனான்? அவன் ஏன் போனான்? பார்வர்டு பந்தைத் தொலைத்துவிட்டு நின்றதால், அவன் அங்கே ஓட வேண்டியதாயிற்று. கோல் விழுந்தது இங்கே. காரணம் 50 கெஜத்துக்கு அப்பால்!

உக்ரைனில் வலேரி லொபனோவ்ஸ்கி என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். பொறியியல் படித்தவர். ஆட்டம் என்பது 22 தனி மனிதர்கள் அல்ல, ஒன்றோடு ஒன்று மோதும் இரண்டு அமைப்புகள் என்று எண்ணினார். அந்தக் கணக்கை வைத்தே அவருடைய கீவ் டைனமோ அணி 1975-லும் 1986-லும் ஐரோப்பிய கோப்பை வென்றவர்களுக்கான கோப்பையைத் தட்டிச் சென்றது.

ஒரு வரி மாறியது, ஆட்டமே மாறியது

அமைப்பில் ஒரு இடத்தைத் தொட்டால் எல்லா இடமும் அசையும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு.

1992-க்கு முன்பு தடுப்பு ஆட்டக்காரர் பந்தைத் தன் கோல்கீப்பருக்கே திருப்பி உதைப்பார். அவர் கையால் எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவார். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு இது ரொம்ப வசதி. பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி!

1992-ல் ஒரே ஒரு சட்டம் வந்தது. தன் அணிக்காரன் காலால் வேண்டுமென்று தள்ளிய பந்தை, கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது.

அவ்வளவுதான். கோல்கீப்பர் காலால் ஆடக் கற்றுக்கொண்டார். தடுப்பு ஆட்டக்காரர் ஒழுங்காக பாஸ் பண்ணக் கற்றுக்கொண்டார். அவர்களை நெருக்கினால் லாபம் என்று தெரிந்து எதிரணி பார்வர்டு அங்கேயே போய் மோத ஆரம்பித்தார். ஒரு வரிச் சட்டம், 22 பேரின் வேலையையும் மாற்றிவிட்டது.

நம்ம ஊர் கபடியில் இல்லாததா இது? பாட்டை விடக் கூடாது, மூச்சு அறுந்தால் ஆள் அவுட்டு. அந்த ஒரு கட்டை எடுத்துவிட்டால் கபடியில் என்ன மிச்சம்?

சுத்தியல் அடித்த கொல்லர்

இதற்கு ஆராய்ச்சிக்காரர்களும் விளக்கம் சொல்கிறார்கள்.

1920-களில் ரஷ்யாவில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம் பிடித்துப் பார்த்தார். தேர்ந்த கைகாரர் அடிக்கும் அடி ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி அசைந்தன! ஒரே அசைவை மனப்பாடம் செய்வது திறமை அல்ல. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சமாளிப்பதுதான் திறமை என்று தெரிந்தது.

1986-ல் கார்ல் நியூவெல் என்ற அறிஞர் இன்னும் தெளிவாக்கினார். மனிதன் எப்படி அசைகிறான் என்பதை மூன்று கட்டுகள் தீர்மானிக்கின்றன என்றார். ஒன்று, அவன் உடம்பும் மனசும். இரண்டு, சுற்றியுள்ள இடம். மூன்று, செய்கிற வேலையின் சட்டதிட்டம். இந்த மூன்றில் ஒன்றை மாற்றினால் அசைவும் தானே மாறும்.

ரகீம் சாகிப் இதைத்தான் மைதானத்தில் செய்தார். புத்தகம் வருவதற்கு முன்பே!

4 நிமிடமா, 40 நிமிடமா?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் 30 பையன்கள். பந்து இரண்டுதான். மைதானமும் பாதிதான் காலி, மீதியில் கிரிக்கெட். என்ன செய்வது?

வழக்கமான முறை என்ன? கூம்பு வைத்து, 15 பேராக இரண்டு வரிசை. ஒருவன் பந்தை வளைத்து வளைத்து ஓட்டி வர 20 விநாடி. மற்ற 14 பேரும் வேடிக்கை. கணக்குப் போடுங்கள். 15 பேர் முடிக்க 5 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருவனுக்கும் 12 முறை. மொத்தம் அவன் பந்தோடு இருந்தது 4 நிமிடம்! எதிரே ஆள் யாரும் கிடையாது. கூம்பு காலை நீட்டிப் பந்தைப் பறிக்கவும் பறிக்காது.

அதே 30 பேரை ஐந்து ஐந்தாக ஆறு செட் பிரியுங்கள். பாதி மைதானத்தை இரண்டாக வெட்டுங்கள். இரண்டு பந்து, இரண்டு ஆட்டம். நாலு செட் ஆடும், இரண்டு செட் காத்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றம். இப்போது ஒவ்வொரு பையனும் 40 நிமிடம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறான்.

செலவு? ஒரு பைசா இல்லை!

எந்தப் பூட்டு எதற்கு?

இந்தச் சின்ன ஆட்டத்தில் மாஸ்டர் தேவைக்குத் தகுந்த பூட்டைப் போடலாம்.

பாஸ் வர வேண்டுமா? ஒருவன் இரண்டு தடவைக்கு மேல் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள்.

தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டுமா? ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு கோல் வையுங்கள். ஒரு கோலை அடைத்தால் மறு கோல் திறந்திருக்கும். பார்த்தவனுக்கு அதிர்ஷ்டம்!

பின்னால் இருப்பவன் தூங்குகிறானா? ஐந்து பேரும் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தால்தான் கோல் செல்லும் என்று சொல்லிவிடுங்கள்.

நெருக்கடியில் ஆடப் பழக வேண்டுமா? இடத்தைக் குறுக்குங்கள். ஓரத்தைப் பயன்படுத்தப் பழக வேண்டுமா? அகலத்தைக் கூட்டுங்கள்.

ஆனால் எச்சரிக்கை! நம்ம பையன்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. "ஐந்து பாஸ் போட்டால் ஒரு கோல்" என்று சொல்லிப் பாருங்கள். கோல் பக்கமே போகாமல், ஒரு மூலையில் நின்று ஐந்து பாஸையும் தங்களுக்குள்ளேயே தட்டி முடித்துவிடுவார்கள்! அது அவர்கள் தப்பல்ல. சட்டம் கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். சட்டத்தைத்தான் திருத்த வேண்டும்.

அதனால் ஒரு நேரத்தில் ஒரு பூட்டு போதும். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மாஸ்டர்களுக்கு இதுதான் கஷ்டம்!

ஜகார்த்தாவில் நடந்தது

இதெல்லாம் சின்னப் பையன்களுக்குத்தானே, பெரிய ஆட்டத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டி பதில் சொல்லும்.

இந்திய அணிக்கு ரகீம்தான் பயிற்சியாளர். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்துடன் ஆடும்போது தடுப்புத் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட வேண்டியதாயிற்று.

மற்றவர்களாக இருந்தால் அவரை உட்கார வைத்து, இன்னொரு பேக்கைத் தேடியிருப்பார்கள். ரகீம் ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை. மொத்த அமைப்பையும் பார்த்தார். காயத்தையே ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு பலகையை மாற்றி அடுக்கினார். ஜர்னைல் சிங் சென்டர் பார்வர்டு ஆனார்!

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரே அதே தென்கொரியா. சுற்றிலும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போடும் கூட்டம். கோலில், சென்னை ரெஜிமெண்ட் மையத்து அணியில் ஆடிப் பெயர் எடுத்த நெடிய மனிதர் பீட்டர் தங்கராஜ். இந்தியா 2-1 வெற்றி. முதல் கோல் பி.கே. பானர்ஜி. இரண்டாவது? தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங்!

ஆசிய விளையாட்டு கால்பந்தில் 1951-க்குப் பிறகு இந்தியா வாங்கிய தங்கம் அது. அதற்குப் பிறகு இன்றுவரை தங்கம் இல்லை. 1963 ஜூன் 11-ந்தேதி ரகீம் புற்றுநோயால் காலமானார். வயது 53.

சைக்கிள் வாடகை ஒரு ரூபாய்

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. கட்டு என்றால் எல்லாக் கட்டும் நல்லதல்ல.

அந்த 1962 அணியின் இடது ஓரத்தில் ஆடியவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பிள்ளை. ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வர ரகீம் கூப்பிட்டார். வர ஆசைதான். வருவதற்குக் காசு இல்லை.

ரகீம் என்ன செய்தார்? வாடகை சைக்கிளுக்குத் தினம் ஒரு ரூபாய் கொடுத்தார். ஒரு ரூபாயில் இந்தியாவுக்கு ஒரு ஒலிம்பிக் வீரர் கிடைத்தார்!

மைதானத்துக்குள்ளே பூட்டுப் போட்ட அதே கை, மைதானத்துக்கு வெளியே பூட்டைத் திறந்தது. எந்தக் கட்டு கற்றுக்கொடுக்கும், எந்தக் கட்டு கழுத்தை நெரிக்கும் என்று தெரிந்தவர்தான் நல்ல மாஸ்டர்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே சுமார் 40 கிலோமீட்டர். இடையில் எத்தனையோ கிராமங்கள். சாயங்காலப் பயிற்சி முடிந்தால் கடைசி பஸ் போய்விடுமே என்று பயந்து வராத பையன் இருப்பான். "பெண் பிள்ளைக்கு எதுக்குப் பந்து?" என்று வீட்டில் தடுக்கப்பட்ட பெண் இருப்பாள். பக்கத்துக் கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் தேசிய சாம்பியன் பட்டம் வென்றார்கள். திறமை இந்தப் பக்கத்து மண்ணில் இல்லாமல் இல்லை.

மைதானம் சின்னது, பந்து குறைவு என்பது ஆட்டத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. அதை வைத்தே கற்றுக்கொடுக்கலாம். ஆனால் பஸ் காசும், ஒரு டம்ளர் பாலும், வீட்டுச் சம்மதமும் இல்லாத குறையை எந்தச் சட்டமும் ஈடுகட்டாது. அதற்கு ஊர்தான் கை கொடுக்க வேண்டும். கடைக்காரர் ஒரு பந்து வாங்கித் தந்தாலும் கைதான்!

நாளை சாயங்காலம் மாஸ்டர் ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கட்டும். "பாஸ் குடுடா!" என்று கத்துவதற்குப் பதிலாக, "ரெண்டு டச்சுதான்டா!" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்கட்டும்.

பந்து தானாகவே கைமாறும்... இல்லை, கால்மாறும்!