உல்லம் ஏறிய ஆறுகள்

1981 ஜூலையில் அப்பா முதல் தடவையாகக் கல்கத்தாவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். காய்கறி வாங்கி முடித்ததும் தாமாகவே மீன் பக்கம் திரும்பியவர், வரிசையாக அடுக்கியிருந்த இலிஷ் மீனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்றைத் தூக்கி வயிற்றோரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "டேய், இது நம்ம உல்லம்டா!" என்றார். மீன்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் விலையில் இரண்டு ரூபாயை ஏற்றிவிட்டார்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில், அணைக்கரைக்குச் சற்றுக் கீழே. அப்பா சிறுவனாக இருந்தபோது ஆடியில் செந்நிறமாகப் புதுவெள்ளம் வந்தால் அதை எதிர்த்து உல்லம் ஏறி வருமாம். (உள்ளம் என்று சொல்பவர்களும் உண்டு.) நானும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான்; கொள்ளிடத்தில் ஒரு உல்லத்தைக்கூடப் பார்த்ததில்லை. அந்த மீனைப் பார்க்க நான் கல்கத்தாவுக்கு வர வேண்டியிருந்தது. ஏன் அப்படி என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் சங்கத்தில் சைவ அன்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், இது சமையல் கட்டுரை அல்ல; தண்ணீரைப் பற்றிய கட்டுரை.

இலிஷ் மத்தி மீனுக்கு உறவு. வளர்வது வங்காள விரிகுடாவில், முட்டையிடுவது ஆற்றில். மழைக்காலத்தில் ஆற்றின் நன்னீர் பெருகிக் கடலுக்குள் பாயும்போது கழிமுகத்தில் உப்பு குறைகிறது, தண்ணீர் கலங்குகிறது. மீனுக்கு அதுதான் அழைப்பு. கூட்டமாக ஆற்றுக்குள் நுழைந்து நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. பெரிய பெண் மீன் ஒன்று 20 லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டைகள் மூழ்கிவிடாமல் நீரோடு மிதந்து போய், ஏறக்குறைய ஒரு நாளிலேயே பொரிந்துவிடுகின்றன. ஓட்டம் இல்லாவிட்டால் அவை அடியில் தங்கிச் சேற்றில் மூடிப்போகும். குஞ்சுகள் சில மாதம் ஆற்றிலேயே வளர்ந்து பிறகு கடலுக்கு இறங்குகின்றன. ஆக, ஏறுவதற்கு வெள்ளம், முட்டை மிதக்க ஓட்டம், குஞ்சு இறங்கத் தடையில்லாத வழி என்று மூன்றும் அந்தந்தப் பருவத்தில் கிடைக்க வேண்டும். வருஷம் முழுவதற்குமான மொத்தத் தண்ணீர் இத்தனை என்று கணக்குக் காட்டினால் மீனுக்குப் போதாது.

வங்காளிகள் இதை ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். பொடித்தூறலுக்கு 'இல்ஷே குரி' என்று மீனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விஜயதசமிக்குப் பிறகு சரஸ்வதி பூஜை வரை இலிஷ் சாப்பிடாத குடும்பங்கள் உண்டு. (இங்கே சரஸ்வதி பூஜை நம் நவராத்திரியில் வருவதல்ல, தை, மாசி வாக்கில் வசந்த பஞ்சமியன்று வருவது.) குஞ்சுகள் ஆற்றில் இருக்கும் மாதங்கள் ஏறக்குறைய அவைதான்.

மீன் எங்கெங்கே போய் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. மீனின் தலைக்குள், காதுப் பகுதியில், கடுகளவு கல் ஒன்று உண்டு. மரத்துக்கு வளையம் விழுவதுபோல அதில் படலம் படலமாக வளர்ச்சி பதிகிறது. கடல்நீரில் ஸ்ட்ரான்ஷியம் என்ற உலோகச் சத்து அதிகம், ஆற்றுநீரில் பொதுவாகக் குறைவு. கல்லை அறுத்து மெருகேற்றி அந்தச் சத்தை அளந்தால், இந்த மீன் எந்த வயதில் கடலில் இருந்தது, எப்போது ஆற்றுக்குள் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பங்களாதேஷ் இலிஷில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்கே நம் ஊரிலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கடலியல் ஆய்வாளர்கள் உப்பு, வெப்பம் போன்றவற்றை மீன்பாட்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். பாரக்பூரில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947-ல் தொடங்கியது. கங்கை மீன்பாட்டின் பழைய கணக்குகள் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதன் புண்ணியத்தில்தான்.

அந்தக் கணக்குகள் வயிற்றைக் கலக்குகின்றன. முன்காலத்தில் இலிஷ் கங்கையில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஏறி அலகாபாத், கான்பூர் வரை போயிருக்கிறது. 1975-ல் ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியது. இரண்டேகால் கிலோமீட்டர் நீளம், 109 மதகுகள். ஹூக்ளியில் வண்டல் படிந்து கல்கத்தா துறைமுகம் தூர்ந்துகொண்டிருந்ததால், 38 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி வினாடிக்கு 40,000 கன அடித் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்புவது திட்டம். அணைக்கு மேலே அலகாபாத்தில் ஆண்டுக்குச் சராசரி 19 டன் அளவில் இருந்த இலிஷ், அணைக்குப் பின் ஒரு டன் அளவுக்கு இறங்கியது. பக்சரில் 32 டன் அளவில் இருந்தது ஒரு டன்னுக்கும் கீழே போனது. இலிஷ் சால்மனைப் போலத் துள்ளித் தடையைத் தாண்டும் மீன் அல்ல. மீன் போக வழி விட்டிருந்தும் அது பயன்படவில்லை.

பக்சர் என்று படித்ததும் எனக்கு எங்கள் ஆபீஸ் தர்வான் நினைவு வந்தது. 1976-ல் நான் கிதிர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது அவர் அங்கே புதிதாக வந்திருந்தார். படகுக்காரக் குடும்பம். "ஆற்றில் இப்போது ஒன்றும் இல்லை பாபு" என்பார். ஏதோ பஞ்சப்பாட்டு என்று நினைத்துக்கொள்வேன். அவர் வீட்டு ஆற்றிலிருந்து மீன் போனதற்குக் காரணமான அதே தண்ணீர்தான் என் சம்பளத்துக்கும் ஆதாரமாக இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. கப்பல் வர வேண்டும் என்று நாங்கள் எல்லோரும் ஃபராக்காவை வாழ்த்திக்கொண்டிருந்தோம்.

ஆனால் கதை ஒரு பக்கமாக இல்லை. திருப்பிய நன்னீரால் ஹூக்ளியின் உப்பு குறைந்து, நன்னீர்ப் பகுதி கடல் பக்கமாக நீண்டது. மேலே அழிந்த இலிஷ், கீழே ஹூக்ளியில் சில காலம் நன்றாகவே கிடைத்தது. அப்பா தடவிப் பார்த்த மீனும் அப்படி வந்ததாக இருக்கலாம். பிறகு சிறுகண்ணி வலையில் குஞ்சுகள் வாரப்பட்டன, வண்டல் மேடுகள் வழியை அடைத்தன. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது என்று மேற்கு வங்க அரசு விதித்திருக்கிறது. அதைவிடச் சின்னதை நானே பலமுறை மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன்.

கொள்ளிடத்தின் கதை இதற்கு மூத்தது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கீழணையில் ஏறமுடியாமல் உல்லம் அணையடியில் குவிந்தது. வலை போட்டவர்களுக்குக் கொண்டாட்டம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாண மீன்துறை கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைப் பொரிக்கவைத்துக் குஞ்சுவிடும் சோதனைகளை நடத்தியது. 1934-ல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் அங்கேயே தேங்கி, பாசனத்துக்கு அளந்து விடப்பட்டது. எங்கள் நிலத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் பாய்ந்தது, நான் படித்ததும் அந்த நெல்லில்தான். ஆடியில் கழிமுகத்துக்குப் போக வேண்டிய அழைப்பு மட்டும் போகவில்லை.

கங்கையில் குறைந்தபட்சம் இத்தனை தண்ணீர் ஓட வேண்டும் என்று மத்திய அரசு 2018-ல் அறிவிக்கை போட்டது. தோற்றுவாயிலிருந்து உத்தரப் பிரதேசத்து உன்னாவ் வரைக்கும்தான் அது. ஃபராக்கா அதற்கு வெகு தூரம் கீழே. பாரக்பூர்க்காரர்கள் சில ஆண்டுகளாக அணைக்குக் கீழே பிடித்த உயிர் மீன்களை மேலே கொண்டுபோய் விடுகிறார்கள். சிலவற்றுக்கு அடையாளச் சீட்டும் குத்துகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் மனிதன் தூக்கிக்கொண்டு போய் விட்ட மீன் முட்டையிட்டாலும், அதன் குஞ்சு திரும்பி இறங்க மதகு திறந்திருக்க வேண்டுமே.

தர்வான் 1998-ல் ஓய்வு பெற்றார். ஊருக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப ஹௌரா போயிருந்தேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கை, சாக்கு சுற்றிய ஐஸ் பெட்டி ஒன்று. பெட்டியில் என்ன என்று கேட்டேன். "இரண்டு இலிஷ் பாபு. பேரப்பிள்ளைகள் பார்த்ததே இல்லை" என்றார். ஐஸ் கரைந்து பிளாட்பாரத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.