புளித்த மண்ணுக்கு ஒரு பிடி சாம்பல்

குலசேகரம் பக்கத்தில் எங்கள் ஆச்சி வீட்டில் அடுப்புச் சாம்பல் குப்பைக்குப் போனதே இல்லை. ரப்பர் விறகு, தென்னங்கொதும்பு, சிரட்டை எல்லாம் எரிந்து ஆறியதும், மூடி போட்ட ஒரு தகர டின்னுக்குள் போய்விடும். பாதி தென்னை மூட்டுக்கு, மீதி கீரைப் பாத்திக்கு. அந்த மழைச் செம்மண்ணில் ஆச்சியின் தண்டுக்கீரை என் இடுப்புயரம் நிற்கும்.

பல வருடம் கழித்து நான் கோவில்பட்டியில் குடியேறினேன். வீட்டுக்குப் பின்னால் கரிசல் நிலம். ஆச்சியை நினைத்துக்கொண்டு பாத்தி முழுக்கச் சாம்பலைக் கொட்டிக் கிளறி அரைக்கீரை விதைத்தேன். மூன்றே வாரத்தில் கொழுந்திலைகள் மஞ்சளித்துப் போயின. இலை நரம்பு மட்டும் பச்சை. ஆச்சியைக் காப்பாற்றிய சாம்பல் என்னை ஏன் கைவிட்டது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஆச்சி ஊர் இருக்கும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அத்தனை மழையும் மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது புளிப்பு மண். கார அமில அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு எரு போட்டாலும் கீரை குட்டையாகவே நிற்கும். விறகுச் சாம்பலில் அதிகம் இருப்பது சுண்ணாம்புச் சத்து. அடுத்தது சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம், கொஞ்சம் மணிச்சத்து. அதனால் அது முதலில் மண்ணின் புளிப்பைத் தணிக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் சுண்ணாம்பில் ஏறக்குறைய பாதி வீரியம்தான், ஆனால் வேலை சீக்கிரம் நடக்கும். நீலகிரியிலும் இதே புளிப்பு மண்தான். அங்கே முட்டைக்கோசின் வேர் கட்டி கட்டியாக வீங்கும் நோய்க்கு அது தோதாகிவிடுகிறது.

என் கரிசலிலோ ஏற்கெனவே சுண்ணாம்புச் சுக்கான் கல் கிடக்கிறது. காரம் மிகுந்த அந்த மண்ணில் மேலும் காரத்தைக் கொட்டினேன். இரும்புச் சத்து கீரைக்கு எட்டாமல் போனது. மஞ்சளித்ததற்குக் காரணம் அதுதான். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சாம்பலை உரம் என்று நம்பிவிடக் கூடாது. கீரையில் நாம் அறுப்பது இலை. இலைக்கு வேண்டியது தழைச்சத்து. அதுவோ விறகு எரியும்போதே புகையோடு போய்விடுகிறது. ஆகவே தொழு உரமோ ஆட்டுப்புழுக்கையோ போட்டே ஆக வேண்டும். ஆனால் பச்சைச் சாணக் குழியில் சாம்பலைக் கொட்டும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறதே, அதை எப்படியாவது விட்டுவிட வேண்டும். சாம்பலின் காரம் பட்டதும் சாணத்தில் இருந்து மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பும். அம்மோனியாவாகப் பறந்து போகும் தழைச்சத்துதான் அது. சாம்பலை முதலில் போட்டுக் கொத்தித் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் ஆறப்போட்டு, பிறகு மக்கிய எருவும் விதையும் போட்டால் சாம்பலும் எருவும் வீணாகாது.

10 அடிக்கு 4 அடிப் பாத்திக்கு வருடத்துக்கு ஒருமுறை கால் கிலோ சாம்பல் போதும். முளைத்த நாற்றின் மேல் அள்ளிப் போட்டால் தண்டு கருகும். காற்றில்லாத நேரத்தில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூவுவது நல்லது.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. அரிசி ஆலையில் மலிவாகக் கிடைக்கும் உமிச்சாம்பல் பெரும்பாலும் மணலின் இனம். புளிப்பை அது அவ்வளவாகத் தணிக்காது. பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பிளாஸ்டிக் கலந்த குப்பை, இவை எரிந்த சாம்பலைக் கீரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நஞ்சு நேராகத் தட்டுக்கு வந்துவிடும். மழையில் நனைந்த சாம்பலும் அவ்வளவாக உதவாது, சாம்பல் சத்து நீரோடு கரைந்து போயிருக்கும். ஆச்சி டின்னுக்கு மூடி போட்டது அதனால்தான்.

இப்போது என் கரிசல் பாத்திக்கு மக்கிய தழையும் தொழு உரமும் மட்டும்தான். எங்கள் தெரு முனை டீக்கடை அடுப்பில் கருவேல விறகுச் சாம்பல் நிறையக் கிடைக்கிறது. ஆச்சி ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை கட்டிக்கொண்டு போகிறேன். அங்கே கேஸ் அடுப்பு வந்தபிறகு சித்திக்குச் சாம்பல் பஞ்சம். கரித்துண்டைப் பொறுக்கிவிட்டு, சலித்து, ஆச்சியின் அதே டின்னில் கொட்டி மூடி வைக்கிறாள்.