சாலையைக் கடக்க எத்தனை நொடிகள்?

முதியோர்க்கு உகந்த நகரம் என்றவுடன் மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களுமே பலரது நினைவுக்கு வருகின்றன. முதியோரையே கேட்டால் விடை வேறாக அமைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதியோர் நேய நகரங்களுக்கான வழிகாட்டி, 33 நகரங்களில் மூத்தோரின் கருத்தைக் கேட்டு உருவாக்கப்பட்டது. நம் நாட்டின் புதுதில்லியும் உதயப்பூரும் அவற்றுள் அடங்கும். அமர ஓர் இருக்கை, தூய்மையான பொதுக்கழிப்பறை, இடறாத நடைபாதை, மதிப்புடன் பேசும் அலுவலர் போன்ற எளிய தேவைகளுக்கும் அவ்வழிகாட்டி இடமளிக்கிறது.

சாலையைக் கடப்பதையே எடுத்துக்கொள்வோம். பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று கொண்டே சைகை விளக்குகளின் நேரம் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. 12 மீட்டர் அகலச் சாலைக்கு அதன்படி 10 நொடிகள் போதும். மூட்டுவலியால் வேகம் 0.8 மீட்டராகக் குறைந்தவருக்கோ 15 நொடிகள் வேண்டும். பச்சை விளக்கு அணையும்போது அவர் சாலையின் நடுவே நிற்பார். சிங்கப்பூரில் 2009 முதல், மூத்தோர் தமக்குரிய அட்டையைச் சைகைக் கம்பத்தில் காட்டினால் கடக்கும் நேரம் சில நொடிகள் நீள்கிறது. பெரும் பொருட்செலவின்றி நம் நகரங்களிலும் இது இயலும்.

பேருந்தின் நிலையும் இதுவே. தாழ்தளப் பேருந்தின் தள உயரம் 400 மில்லிமீட்டர்; வழக்கமான பேருந்திலோ அது ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். வளையாத முழங்காலுக்கு அந்த அரை மீட்டர் ஒரு மதிற்சுவர்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நம் நகரங்களில் மட்டும் அறுபது வயதை எட்டியோர் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். கீழே விழுந்தவரை மருத்துவமனை கணக்கில் கொள்கிறது. விழுந்துவிடுவோமோ என்றஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்டவரை எவரும் கணக்கில் கொள்வதில்லை. முதலில் கோயில், பின்னர் கடைத்தெரு, அதன்பின் நண்பர் வீடு என அவரது நகரம் சிறுகச் சிறுகச் சுருங்கிவிடுகிறது.

வங்கிகளுக்கும் இதில் பங்குண்டு. எழுபது வயதைக் கடந்தோருக்குப் பணம் வழங்குதல், பெறுதல் உள்ளிட்ட அடிப்படைச் சேவைகளை இல்லத்திலேயே அளிக்கவும், கிளைகளில் மூத்தோருக்கெனத் தனி முகப்போ முன்னுரிமையோ அளிக்கவும் ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றினை 'ஜீவன் பிரமாண்' வழியே வீட்டிலிருந்தபடியே அளிக்கலாம். நடக்க இயலாதவர்க்கு இவை பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும், நடக்க இயன்றவருக்கு மாதம் ஒருமுறை வங்கிக்கு வருவது பணம் பெறுவதற்காக மட்டுமன்று. நான்கு பேரைக் காண்பதற்காகவும்தான். இல்லத்துக்கே சேவை வருகிறது என்பது, வாயிலில் சாய்தளம் இல்லாமைக்குச் சமாதானம் ஆகாது என்றே நாம் கருதுகிறோம்.

ஆதலால், தங்கள் கிளையின் படிகளில் கைப்பிடி தளர்ந்திருந்தாலோ, சாய்தளம் செங்குத்தாக இருந்தாலோ, அமர இருக்கை போதாதிருந்தாலோ, கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டிலுள்ள பெரியவரையும் உடன் அழைத்து வந்து, அவர் ஏறி இறங்குவதைப் பார்த்தபின் எழுதினால் இன்னும் நன்று.