சேதுக் கால்வாயின் கணக்கு

சேதுக் கால்வாய் என்று பேச்சை எடுத்தால் போதும், வெட்ட வேண்டிய இடத்தில் இருப்பது ராமர் கட்டிய பாலமா, இயற்கையாய் உண்டான மணல் திட்டா என்ற இடத்தில் போய் நின்றுவிடும். தேத்தண்ணி ஆறினாலும் அந்தச் சண்டை ஆறாது. அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைப்போம். கடலின் ஆழத்தையும் கப்பலின் கணக்கையும் பார்த்துவிட்டு அதற்குத் திரும்பலாம்.

முதலில் படத்தை மனதில் வையுங்கள். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகவேண்டிய கப்பல் வடக்கே திரும்பினால் நேர்வழி. ஆனால் போக முடியாது. ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆதாம் பாலம், ராமர் பாலம் என்பதெல்லாம் இவைதான். பல இடங்களில் ஆழம் 3, 4 மீற்றர்கூட இல்லை. பாம்பன் கால்வாய் வழியாகச் சிறிய கலங்கள் நுழையலாம், பெரிய கப்பல் நுழையாது. ஆகவே அது கொழும்பைத் தாண்டி, தேவேந்திரமுனையைச் சுற்றி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கமாக ஏறித்தான் சென்னையைப் பிடிக்க வேண்டும். இந்தியாவின் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக இலங்கை முழுவதையும் சுற்ற வேண்டியிருக்கிறது.

இதை வெட்டித் திறக்கலாம் என்று 1860இல் முதலில் திட்டம் கொடுத்தவர் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. அதன்பின் வெள்ளைக்காரன் காலத்திலேயே பல திட்டங்கள் வந்து போயின. 1955இல் ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1967இல் முதலமைச்சரான அண்ணாதுரை இதையும் கேட்டு எழுச்சி நாள் நடத்தினார். கடைசியில் 2005 ஜூலை 2ஆம் திகதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் வேலையைத் தொடக்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி இந்திய ரூபாய்.

திட்டம் இதுதான். மொத்த நீளம் 167 கிலோமீற்றர். நடுவில் உள்ள 78 கிலோமீற்றரில் இயற்கையாகவே ஆழம் இருப்பதால் அங்கே கைவைக்கத் தேவையில்லை. தெற்கே ஆதாம் பாலத்துப் பக்கம் 35 கிலோமீற்றரும், வடக்கே பாக்கு நீரிணையில் 54 கிலோமீற்றரும் தோண்ட வேண்டும். 300 மீற்றர் அகலம், 12 மீற்றர் ஆழம். அள்ளவேண்டிய மண் 8 கோடி கனமீற்றருக்கு மேல். இவ்வளவும் செய்தால் 30,000 தொன் வரை சுமக்கும் கப்பல் போகலாம்.

தோண்டுவதற்கு இயந்திரம் உண்டு, பணம் கொடுத்தால் தோண்டிவிடலாம். தோண்டியது தோண்டியபடி இருக்குமா என்பதுதான் சிக்கல். கோடையில் வற்றிய ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது தெரியும். குழி ஆழமாக ஆக, ஓரத்து மணல் சரிந்து உள்ளே விழும். அங்கே கடலிலும் அதுதான் கதை. வடகீழ்ப் பருவக் காற்று மணலைத் தெற்கே தள்ளும், தென்மேல் காற்று வடக்கே தள்ளும். இடையிடையே புயலும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ஒரே இரவில் அழித்தது அந்தக் கடல்தான். 1955ஆம் ஆண்டுக் குழுவும் இந்த இடம் மாறும் மணலை நினைத்துத்தான், ஆதாம் பாலத்தை வெட்டுவதைவிட நிலத்தில் கால்வாய் வெட்டுவது நல்லது என்றது. வருடா வருடம் மண் அள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய கால்வாய்க்குக் கட்டுமானச் செலவு முதல் தவணை மட்டுமே.

அந்தச் செலவைக் கப்பல்கள் கொடுக்குமா? 424 கடல் மைல் வரை மிச்சம், 30 மணித்தியாலம் வரை மிச்சம் என்று சொல்லப்பட்டது. மணிக்கு 14 கடல் மைல் ஓடும் கப்பலுக்கு 424ஐ வகுத்துப் பாருங்கள், 30 மணித்தியாலம் சரியாக வரும். ஆனால் குறுகலான கால்வாயில் அந்த வேகத்தில் ஓட முடியாது. 167 கிலோமீற்றர் என்பது சுமார் 90 கடல் மைல். அதை மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் கடந்தால் 11 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். திறந்த கடலில் அதே தூரத்துக்கு ஆறரை மணித்தியாலம் போதும். வழிகாட்டும் மாலுமி ஏறி இறங்கும் நேரம், கால்வாய்க் கட்டணம் எல்லாம் இதற்கு மேல்.

இன்னொன்று, அந்த 30 மணித்தியாலம் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகிற கப்பலுக்குத்தான். ஏடனிலிருந்து கொல்கத்தாவுக்கு வருகிற கப்பல் தூத்துக்குடியைப் பார்க்க வராது, இலங்கையின் தென்முனையைக் குறிவைத்து நேராக ஓடிவரும். அதற்கு மிச்சம் மிகவும் குறைவு. ஜேக்கப் ஜான் என்ற பொருளியல் ஆய்வாளர் 2007இல் கணக்குப் போட்டுக் காட்டியதும் இதைத்தான். சுயெஸ் கால்வாயோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. லண்டனிலிருந்து மும்பைக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றாமல் சுயெஸ் வழியாக வந்தால் 4,000 கடல் மைலுக்கு மேல் மிச்சம். சேதுவில் அதில் பத்தில் ஒரு பங்கு.

கால்வாய் வந்தால் கொழும்புத் துறைமுகம் படுத்துவிடும் என்ற பயம்? ஊவாத் தேயிலை கப்பலேறுவதும் அங்கேதான் என்பதால் இது நமக்கும் உரிய கேள்வி. கொழும்பின் பிழைப்பு பெரிய கொள்கலன் கப்பல்களில் இருக்கிறது. அவற்றில் சில 2 லட்சம் தொன் சுமக்கும், அவற்றுக்காகவே கொழும்பில் 18 மீற்றர் ஆழத்தில் முனையம் கட்டியிருக்கிறார்கள். 12 மீற்றர் கால்வாயில் அவை எட்டிப் பார்க்கவும் முடியாது. சென்னையிலிருந்து கொழும்புக்குக் கொள்கலன் கொண்டுவரும் சிறிய கப்பல்களுக்குத்தான் இந்த வழி பொருந்தும். கணக்கைச் சரியாகப் பார்த்தால் கொழும்புக்கு அது நட்டமில்லை, உதவியாகக்கூட இருந்திருக்கலாம்.

நட்டப்படக்கூடியவர்கள் வேறு. கால்வாய்த் தடம் இரு நாட்டுக் கடல் எல்லைக்கு அருகில், இந்தியப் பக்கத்தில் ஓடுவதாகத் திட்டம். மண் கலங்கினால் எல்லைக்கோடு பார்த்து நிற்காது. மன்னார் மீனவருக்கும் ராமேஸ்வரம் மீனவருக்கும் ஒரே கடல். பக்கத்தில் 21 தீவுகளோடு மன்னார் வளைகுடா தேசியக் கடல் பூங்கா, பவளப்பாறை, கடல் பசு எல்லாம் இருக்கின்றன.

பலன் ஒருவருக்கு, நட்டம் இன்னொருவருக்கு என்ற இந்தப் பாடம் மொனராகலையில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. வடக்கே ஓடி மகாவலியில் விழும் உமா ஓயாவைத் திருப்பி, 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாக வெல்லவாயப் பக்கம் இறக்கினார்கள். 120 மெகாவாற் மின்சாரம், வறண்ட நிலத்துக்குத் தண்ணீர். ஆனால் 2014 கடைசியிலும் 2017இலும் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டபோது வற்றியது பண்டாரவளைக் கிணறுகள், வெடித்தது அங்குள்ள வீட்டுச் சுவர்கள். 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார். பலன் கீழே, பாதிப்பு மேலே. இரண்டையும் ஒரே கொப்பியில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

இப்போது ராமர் விஷயத்துக்கு வரலாம். 2007 ஓகஸ்ட் கடைசியில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே, ராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்று இல்லை என்று அரசு தாக்கல் செய்த சத்தியக் கடதாசி பெரும் புயலைக் கிளப்ப, சில நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மாற்று வழியை ஆராய அமைத்த பச்சௌரி குழு, அந்த வழி பொருளாதாரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒத்துவராது என்றது. 2013இல் அரசு அந்த அறிக்கையை ஏற்காமல் திட்டத்தைத் தொடர்வோம் என்றது. 2018இல் அடுத்த அரசு, ராமர் பாலத்தைத் தொடாமல் வேறு வழி பார்ப்போம் என்றது. 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது.

கவனித்தீர்களா, சண்டை முழுக்க நம்பிக்கையைச் சுற்றியே நடந்தது. எதிர்த்தவர்களுக்கு நம்பிக்கை போதுமானதாக இருந்தது, கணக்குத் தேவைப்படவில்லை. ஆதரித்தவர்களும் ராமரைச் சொல்லித் தடுத்துவிட்டார்கள் என்று முறையிட முடிந்தது, அவர்களுக்கும் கணக்குக் காட்டும் வேலை மிச்சம். எத்தனை கப்பல் வரும், என்ன கட்டணம் கொடுக்கும், வருடம் எவ்வளவு மண் அள்ள வேண்டும் என்ற கேள்விகள் தேர்தல் மேடைக்கு ஏறவே இல்லை.

மலையகத்தாருக்கு இந்தக் கடலோடு உள்ள உறவு வேறு மாதிரியானது. நம் பாட்டன்மார் மண்டபம் முகாமில் தங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி வந்தவர்கள். 1914இல் தொடங்கிய அந்தத் தனுஷ்கோடிச் சேவை 1964 புயலோடு முடிந்தது. 2023இல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது. அதே வருடம் இரு நாடுகளும் தரைவழி இணைப்பை, அதாவது ஒரு பாலத்தை, ஆராயவும் ஒப்புக்கொண்டன. கால்வாய் இந்தக் கடலை நெடுக்காகத் தாண்டிப் போகிறவர்களுக்கு, பாலமும் பயணிகள் கப்பலும் குறுக்காகக் கடக்கிறவர்களுக்கு. பதுளையிலோ மொனராகலையிலோ இருந்து திருச்சிக்குச் சொந்தம் பார்க்கப் போகிற ஒரு குடும்பம் எதைக் கேட்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பாலத் திட்டம் மேசைக்கு வரும் நாளில், கால்வாயிடம் கேட்காமல் விட்ட கேள்விகளை அதனிடமும் கேட்டாக வேண்டும்: யார் பயன்படுத்துவார்கள், யார் இழப்பார்கள், திறப்பு விழா முடிந்தபின் வருடா வருடம் யார் பணம் கட்டுவார்கள்?